ஒருமுறை அமுக்கினால் ஒன்றுதானா?

“ஒரு தடவைதானுங்க சார் அமுக்கினேன். ஏழுன்னு காட்டுது.”

காங்கேயம் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து வந்திருக்கும் ஐ.டி. முதலாண்டு மாணவி அவர். மேசைமேல் அர்டுயினோ என்ற சின்ன மின்னணுப் பலகை ஒன்று, இரண்டு ஒயர், சில்லறைக் காசுக்குக் கிடைக்கும் ஒரு பட்டன். பட்டனை அமுக்கினால் எண்ணிக்கை ஒன்று கூட வேண்டும், அது மடிக்கணினித் திரையில் தெரிய வேண்டும். அவ்வளவுதான் வேலை. பத்துப் பன்னிரண்டு வரி நிரல். பக்கத்து மேசைப் பையன் வந்து வரிவரியாகப் பார்த்தான், பிழை இல்லை. ஒயரைப் பிடுங்கிச் செருகினார்கள். பலகையையே மாற்றினார்கள். புதுப் பலகையில் முதல் அமுக்கலுக்கு நான்கு, அடுத்ததற்கு ஒன்று, அதற்கடுத்ததற்கு ஒன்பது. “போர்டு ரிப்பேருங்க சார்” என்று தீர்ப்பு சொல்லிவிட்டு இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

போர்டில் ரிப்பேர் ஒன்றும் இல்லை. பட்டனுக்குள் இருப்பது ஒரு மெல்லிய தகடு. அமுக்கும்போது அது கீழே இருக்கும் முனையில் போய் மோதுகிறது, துள்ளுகிறது, மறுபடி மோதுகிறது. சிமென்ட் தரையில் விட்ட கோலிக்குண்டுபோல நாலைந்து துள்ளல் துள்ளித்தான் அடங்குகிறது. எல்லாம் சில மில்லி வினாடிக்குள் முடிந்துவிடும். நம் விரலுக்கு அது ஒரே அமுக்கல். ஆனால், அந்தப் பலகையின் சில்லு வினாடிக்கு 1 கோடியே 60 லட்சம் துடிப்பில் ஓடுவது. நமக்கு ஒன்றுமேயில்லாத 5 மில்லி வினாடியில் அதற்கு 80,000 துடிப்பு கடந்திருக்கும். தகடு துள்ளியதை அது பார்த்தது, பார்த்ததை எண்ணியது. ஏழு என்பது பொய்யே அல்ல.

இதைச் சொன்னபோது அந்த மாணவி பட்டனைக் காதோரம் வைத்து அமுக்கிப் பார்த்தார். எனக்கு அந்தச் செய்கை ரொம்பப் பிடித்தது.

‘எம்பெடட் சிஸ்டம்’ என்று உலகம் சொல்வது, ஒரே ஒரு வேலைக்காக ஒரு பொருளுக்குள் புதைத்து வைக்கப்பட்ட கணினியை. கணினியைப் படிக்க வரும் பிள்ளைகளுக்கு இந்தப் பாடத்தை எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டால், இந்தத் தப்பான ஏழிலிருந்துதான் என்பேன். எப்போது என்று கேட்டால், முதலாண்டின் முதல் செமஸ்டரில் என்பேன். நம் கல்லூரிகளில் பெரும்பாலும் இரண்டுமே நடப்பதில்லை. ஐ.டி. மாணவருக்கு இந்தப் பாடம் மூன்றாம் ஆண்டுவாக்கில் வருகிறது. வரும்போது ஒரு கட்டப் படத்தோடு வருகிறது.

அந்தக் கட்டப் படத்தை நானும் வரைந்தவன்தான். இன்டெல் 1980-இல் வெளியிட்ட 8051. நாற்பது கால்கள், 128 பைட் ராம், நான்கு போர்ட். எங்கள் காலத்தில் அது 16 மார்க் கேள்வி. ஸ்கேல் வைத்து நாற்பது காலையும் வரைந்து, ஒவ்வொன்றுக்கும் பெயர் எழுதினால் முழு மதிப்பெண். வேலைக்குச் சேர்ந்து நான் சொந்தமாகச் செய்த முதல் பலகை ஒரு நாள் முழுக்க உயிரில்லாமல் கிடந்தது. காரணம், 31-ஆம் காலை எங்கும் இணைக்காமல் அந்தரத்தில் விட்டிருந்தேன். நிரலை உள்ளே இருக்கும் நினைவகத்திலிருந்து எடுப்பதா, வெளியே இருந்து எடுப்பதா என்று சில்லுக்குச் சொல்லும் கால் அது. தேர்வில் அதன் பெயரைப் பிசகாமல் எழுதியிருந்தேன். அது எதற்கு இருக்கிறது என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை. 8051 அழகான சில்லு. அதன்மீது எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால், ஒருவரை அறிமுகம் செய்யும்போது அவருடைய எக்ஸ்ரேயை எடுத்து நீட்டுவார்களா?

முதலாண்டு மாணவரிடம், உங்கள் வீட்டில் எத்தனை கம்ப்யூட்டர் என்று கேட்டுப் பாருங்கள். லேப்டாப் ஒன்று என்பார். கொஞ்சம் யோசித்து செல்போனைச் சேர்ப்பார். இன்வெர்ட்டர், வாஷிங் மெஷின், செட்டாப் பாக்ஸ், அப்பாவின் கடைத் தராசு எதுவும் கணக்கில் வராது. 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 புகை விதி வந்த பிறகு பைக்குகளில் கார்புரேட்டர் போய், பெட்ரோலை அளந்து ஊற்றும் வேலையை ஒரு சின்னக் கணினி எடுத்துக்கொண்டது. தெருமுனை பைக் மெக்கானிக்குக்கு அது தெரியும். ஸ்கேனர் வாங்க வேண்டியிருந்ததே. கணினியைப் பட்டப் படிப்பாகப் படிக்கிறவருக்கு மெக்கானிக்குக்கு அப்புறம்தான் தெரிய வருகிறது.

என் மாணவியின் வீட்டில் இன்னொன்றும் இருந்தது. கிணற்று மேட்டில் மோட்டார் ரூம் சுவரில் தொங்கும் மொபைல் ஸ்டார்ட்டர். மும்முனை மின்சாரம் நடுராத்திரியில் வந்தால், அப்பா கட்டிலில் படுத்தபடியே அந்தப் பெட்டிக்கு போன் போடுவார். மூன்று பேஸும் இருக்கிறதா என்று பார்த்து அது மோட்டாரை ஓட்டும். ஒரு பேஸ் போனாலோ கிணறு வற்றினாலோ தானே நிறுத்தும். “அதுக்குள்ள சிம் கார்டு இருக்குங்க சார், தெரியும். கம்ப்யூட்டர் இருக்குன்னு நெனைக்கல” என்றார்.

அந்தப் பெட்டிகளோடு எனக்குப் பழைய கணக்கு ஒன்று உண்டு. கோவையில் சில ஆண்டுகள் அந்த மாதிரிப் பெட்டிகளுக்கு நிரல் எழுதிக்கொண்டிருந்தேன். ஒரு புது மாடலை ஆய்வகத்தில் ஒரு மாதம் ஓட்டிப் பார்த்தோம். மோட்டாருக்குப் பதில் பல்பு மாட்டிச் சோதித்தோம். ஒரு குறையும் இல்லை. வயலுக்குப் போன மூன்றாம் நாள், விடியற்காலை நாலு மணிக்கு ஒரு பெரியவர் கூப்பிட்டார். “தம்பி, உங்க பொட்டி மோட்டாரைப் போட்டுப் போட்டு நிறுத்துதுங்க. காயில் தீஞ்ச வாசம் வருது, சீக்கிரம் வாங்க.”

போய்ப் பார்த்தால், மோட்டாருக்கு மின்சாரத்தை விடும் கான்டாக்டர் கடகடவென்று அடித்துக்கொண்டிருந்தது. நடந்தது இதுதான். மோட்டாரை ஓட்டு என்று சில்லு சொன்னதும் கான்டாக்டர் சுருளில் மின்சாரம் பாயும். அந்த அதிர்ச்சியில் சில்லின் மின்னழுத்தம் ஒரு கணம் துவண்டுவிடும். சில்லு மயங்கி விழுந்து எழும். எழுந்ததும் அது செய்யும் முதல் காரியம், மூன்று பேஸும் இருக்கிறதா என்று பார்ப்பது. இருக்கிறது. சரி, மோட்டாரை ஓட்டு. மறுபடி அதிர்ச்சி, மறுபடி மயக்கம். நிரலில் ஒரு வரிகூடத் தப்பில்லை. ஒவ்வொரு வரியும் தன் கடமையைச் சரியாகச் செய்துதான் அந்தப் பெரியவரின் காயிலைக் கருக்கியது. சுருளுக்குக் குறுக்கே ஒரு ரெசிஸ்டரும் கபாசிட்டரும் போட்டோம். மயங்கி எழுந்தால் சில நிமிடம் சும்மா இருந்துவிட்டு அப்புறம்தான் மோட்டாரைத் தொட வேண்டும் என்று நிரலை மாற்றினோம். பல்பு மாட்டிச் சோதித்த எங்கள் புத்திசாலித்தனத்துக்கு அந்தக் கிணற்று மேட்டில் பெரியவர் சூட்டிய பெயரைப் பத்திரிகையில் எழுத முடியாது.

ஐ.டி. மாணவர் மூன்று ஆண்டுகள் கற்கும் கணினியில் இதெல்லாம் நடக்காது. அங்கே ‘கூட்டு’ என்றால் கூட்டும், ‘காட்டு’ என்றால் காட்டும். மின்சாரம் துவளாது, பட்டன் துள்ளாது, வெயிலில் காயாது. இடமும் நேரமும் கேட்டபடி கிடைக்கும். அந்த நம்பிக்கை மூன்று வருடம் ஊறி இறுகிய பிறகு வந்து, உலகம் அப்படி இல்லை தம்பி என்று சொன்னால் யார் காதில் ஏறும்? பதினெட்டு வயதில், பைதானில் பத்தாவது நிரல் எழுதும்போதே சொல்லிவிட வேண்டும்.

இடத்தை எடுத்துக்கொள்வோம். மாணவர் கையில் இருக்கும் மடிக்கணினியில் 8 ஜிபி ராம். அர்டுயினோ யூனோவில் 2 கேபி. நாற்பது லட்சம் மடங்கு குறைவு. இதை எண்ணாகச் சொன்னால் மண்டையில் நிற்பதில்லை. அதனால் ஒரு வேலை கொடுப்பேன்: உங்கள் ஊரைப் பற்றித் தமிழில் ஒரு பத்தி எழுதி, அதை அப்படியே அந்தப் பலகையின் ராமில் ஏற்றிப் பாருங்கள். யூனிகோடு வழக்கமாகச் சேமிக்கப்படும் முறையில் தமிழின் ‘க’ 3 பைட் கேட்கும். ‘கி’ என்றால் க ஒன்று, மேல்கொக்கி ஒன்று, ஆக 6 பைட். எழுபது எண்பது சொல்லிலேயே ராம் தீர்ந்துவிடும். ஊரின் பெயரும் மாரியம்மன் கோயிலும் வந்திருக்கும், பள்ளிக்கூடம் வருவதற்குள் இடம் இல்லை. அப்போதுதான், நிலையான எழுத்துகளை ராமில் வைக்காமல் 32 கேபி ஃபிளாஷ் நினைவகத்திலேயே விட்டுவைக்கலாமே என்று ஒருவருக்காவது தோன்றும். எது மாறும், எது மாறாது, எதை எங்கே வைப்பது என்ற பாகுபாடு அந்த இடத்தில் பிறக்கிறது. நான் போர்டில் எழுதிப் போட்டு அது ஒருநாளும் பிறந்ததில்லை.

1969-இல் நிலாவில் இறங்கிய அப்போலோ கலத்தின் கணினியில் அழித்தெழுதும் நினைவகம் 2,048 சொற்கள்தான். யூனோவின் 2,048 பைட்டுக்கு இரண்டு மடங்கு என்று வைத்துக்கொள்ளலாம். இறங்கும் நேரத்தில் ரேடார் ஒன்று வேண்டாத வேலை கொடுத்து அதைத் திணறடித்தபோது, ‘1202’ என்று எச்சரிக்கை காட்டிவிட்டு, முக்கியமில்லாத வேலைகளைக் கைவிட்டு, இறங்குவதற்கு வேண்டியதை மட்டும் தொடர்ந்தது. எதைக் கைவிடுவது என்பதை முன்கூட்டியே யோசித்து எழுதி வைத்திருந்தார்கள். மாணவர்களிடம் இதைச் சொன்னால் கண் விரியும். ஆனால், தன் ஊர்ப் பத்தி ராமில் அடங்காத கடுப்பை அனுபவித்த பிறகு சொன்னால்தான் விரியும்.

எண்களிலும் ஒரு பொறி இருக்கிறது. வினாடிக்கு ஒருமுறை விளக்கு எரிந்து அணைய வேண்டும். எத்தனை மில்லி வினாடி ஆயிற்று என்று பலகை சொல்லும். கடைசியாக மாற்றிய நேரத்தை ‘இன்ட்’ என்ற முழு எண் மாறியில் குறித்து வைத்துக்கொண்டு, ஆயிரம் ஆனதும் மாற்று. எல்லா மாணவர்களும் ‘இன்ட்’ என்றே எழுதுவார்கள், பழக்கம் அது. நான் தடுக்க மாட்டேன். விளக்கு ஒழுங்காக மினுக்கும். எல்லாரும் அடுத்த வேலைக்குத் திரும்பும் நேரத்தில், 33-ஆவது வினாடியில் அதற்குப் பைத்தியம் பிடித்துவிடும். கண்ணால் பிரிக்க முடியாத வேகத்தில் மினுக்கி, அரை வெளிச்சத்தில் நின்று எரிவதுபோல் தெரியும். மறுபடி ஓட்டினாலும் அதே 33. மாய மந்திரம் இல்லை. யூனோவில் ‘இன்ட்’ என்பது 16 பிட். 32,767-க்கு மேல் அதில் ஏறாது. ஏற்றினால் எதிர்மறைக்குப் புரண்டுவிடும். அதற்கப்புறம் கழித்துப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் ஆயிரத்துக்கு மேல்தான் வரும்.

ஐரோப்பாவின் ஏரியான் 5 ராக்கெட் 1996 ஜூன் 4 அன்று, தன் முதல் பயணத்தில், சுமார் 40 வினாடியில் சிதறியது இதற்கு ஒன்றுவிட்ட அண்ணன். 64 பிட்டில் இருந்த ஓர் அளவை 16 பிட்டுக்குள் திணித்தார்கள். ஏரியான் 4-இல் அந்த அளவு அவ்வளவு பெரிதாக வளர்ந்ததே இல்லை என்பதால் பழைய நிரலை அப்படியே எடுத்து வைத்திருந்தார்கள். புது ராக்கெட் வேகமானது. வழிகாட்டும் கருவி குழம்பியது, ராக்கெட் திரும்பக் கூடாத பக்கம் திரும்பி உடைந்தது. பழைய நிரல் ஓடுகிறது, தொடாதே என்பது மென்பொருள் நிறுவனங்களில் வேதம்போல் ஓதப்படுவது. அது எந்த வண்டியில் ஓடியது என்று கேட்கத் தெரிந்தால் போதும்.

நேரம்தான் இவர்களுக்கு எல்லாவற்றையும்விடப் புதிது. முடியாமல் சுற்றிக்கொண்டே இருக்கும் நிரல் பிழையான நிரல் என்று சி வகுப்பில் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். இங்கே முடிகிற நிரல்தான் பிழை. மோட்டார் பெட்டிக்குள் இருக்கும் நிரல் முடிந்து எங்கே போகும்? வீட்டுக்கா? சுற்றிக்கொண்டே இருப்பதுதான் அதன் பிழைப்பு. அப்படிச் சுற்றும்போது ஓரிடத்தில் ‘ஒரு வினாடி பொறு’ என்று எழுதினால், அந்த ஒரு வினாடி அது செவிடும் குருடும் ஆகிவிடும். பட்டனை அமுக்கினாலும் தெரியாது.

இதற்கு நான் டீக்கடைக்குக் கூட்டிப்போவேன். உவமைக்காக அல்ல, நிஜமாகவே கல்லூரி வாசல் கடைக்கு. மாஸ்டரைப் பத்து நிமிடம் பாருங்கள். பால் காய்கிறது. இரண்டு ஸ்ட்ராங், ஒன்று சர்க்கரை கம்மி, ஒரு பார்சல். பால் காயும்வரை அவர் பாலையே பார்த்துக்கொண்டு நிற்கிறாரா? நின்றால் கடையை மூட வேண்டியதுதான். டிகாஷனை ஊற்றுவார், கிளாஸ் கழுவுவார், சில்லறை கொடுப்பார். ஒரு சுற்று சுற்றிவிட்டுப் பாலை ஒரு பார்வை பார்ப்பார். பால் பொங்கிவிட்டாலோ, கையில் இருப்பதை அப்படியே வைத்துவிட்டு அடுப்பைத் தணிப்பார். பிறகு விட்ட இடத்திலிருந்து ஆற்றுவார். ஒரு வினாடி பொறு என்று ஏன் எழுதக் கூடாது என்பதும், பெரிய வகுப்பில் ‘இன்டரப்ட்’ என்ற பெயரில் வரப்போவதும் அங்கேயே முடிந்துவிடும். பொங்கும் பாலைத் தணிக்கப் போன மாஸ்டர் அடுப்படியிலேயே நின்று ஊர்க்கதை பேசினால் என்ன ஆகும் என்று ஒரு மாணவர் கேட்டார். இன்டரப்ட் நிரல் ஏன் குறுகியதாக இருக்க வேண்டும் என்று நான் சொல்ல நினைத்திருந்ததை அவரே சொல்லிவிட்டார். டீக்காசு மட்டும் நான் கொடுத்தேன்.

நிரல் எங்காவது சிக்கிக்கொண்டால் யார் எழுப்புவது என்பது அடுத்த கேள்வி. அந்தக் காலத்துக் கருவூலங்களில் பாரா நிற்பவர் மணிக்கொரு தரம் மணி அடிப்பார். மணி கேட்டால் எல்லாரும் தூங்கலாம். கேட்கவில்லை என்றால் ஏதோ கோளாறு. சில்லுக்குள் ‘வாட்ச்டாக்’ என்ற சின்னக் கடிகாரம் அந்த மணிக்குத்தான் காதைத் தீட்டிக்கொண்டிருக்கிறது. நிரல் அவ்வப்போது மணி அடிக்க வேண்டும். அடிக்கத் தவறினால் அது சில்லையே உலுக்கி எழுப்பிவிடும்.

மென்பொருள்காரனுக்கு எதற்கய்யா ரிலேயும் ரெசிஸ்டரும், அது எலெக்ட்ரானிக்ஸ் (ஈ.சி.ஈ.) துறையின் வேலை என்று சொல்கிறவர்கள் உண்டு. ஐ.டி. துறைத் தலைவர்களே சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அவர்களுக்கு நான் சொல்வது தெராக்-25 கதையை.

கனடாவில் தயாரான புற்றுநோய்க் கதிர்வீச்சு இயந்திரம் அது. அதற்கு முந்தைய மாடலில், கதிர் அளவு மீறாமல் தடுக்க மின்சுற்றாலேயே ஆன பூட்டுகள் இருந்தன. புது மாடலில், மென்பொருள்தான் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிறதே என்று அந்தப் பூட்டுகளை எடுத்துவிட்டார்கள். 1985-க்கும் 1987-க்கும் இடையில் ஆறு நோயாளிகள் மேல் அளவுக்குப் பல மடங்கு மீறிய கதிர் பாய்ந்தது. சிலர் அதனாலேயே இறந்தார்கள். காரணங்களில் ஒன்று, இயக்குபவரின் விரல் வேகம். ஒரு தவற்றைத் திரையில் திருத்தி, சில வினாடிக்குள் மறுபடி தட்டிவிட்டால், திருத்தம் திரையில் தெரியும்; உள்ளே காந்தங்களை நிலைநிறுத்திக்கொண்டிருந்த பகுதிக்குத் தெரியாது. சோதனையின்போது யாரும் அவ்வளவு வேகமாகத் தட்டியிருக்கவில்லை. மாதக்கணக்கில் அதையே செய்து கை பழகியவர்கள் தட்டினார்கள். ‘மால்ஃபங்ஷன் 54’ என்று திரையில் வந்தது. அப்படி என்றால் என்ன என்று கையேட்டில் விளக்கம் இல்லை. இயந்திரம் அடிக்கடி இப்படி ஏதாவது சொல்லும் என்பதால் தொடரும் பொத்தானை அழுத்தினார்கள்.

அதே பிழை பழைய மாடலின் மென்பொருளிலும் இருந்தது என்பது பிறகுதான் தெரிய வந்தது. அங்கே மின்சுற்றுப் பூட்டு குறுக்கே நின்று தடுத்துக்கொண்டிருந்ததால் யார் கண்ணிலும் படவில்லை. ரிலே எதற்கு என்று தெரியாதவரிடம் ரிலேயை எடுத்துவிடலாமா என்று கேட்டால், செலவு மிச்சம், எடுத்துவிடுங்கள் என்றுதான் சொல்வார்.

நல்ல உதாரணத்துக்குக் கனடா வரை போக வேண்டியதும் இல்லை. முதலாண்டு மாணவர் பலருக்கு அப்போதுதான் பதினெட்டு முடிந்திருக்கும். வாக்களித்தவர்கள் இந்தியாவின் மிகப் பெயர்பெற்ற எம்பெடட் கருவியை ஒருமுறை அமுக்கிவிட்டே வகுப்புக்கு வந்திருப்பார்கள். மின்னணு வாக்குப்பதிவு இயந்திரம். பாரத் எலெக்ட்ரானிக்ஸும் ஹைதராபாதின் இ.சி.ஐ.எல். நிறுவனமும் தயாரிப்பது. 1982-இல் கேரளத்தின் பரவூரில் முதன்முதலாகப் பயன்பட்டது. சட்டத்தில் இடமில்லை என்று உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு சட்டத்தையே திருத்த வேண்டியிருந்தது. தமிழ்நாடு முழுக்க 2001 சட்டமன்றத் தேர்தலில் வந்தது. பாரத் எலெக்ட்ரானிக்ஸில் இதன் உருவாக்கத்தில் பங்கெடுத்த பொறியாளர் ரங்கராஜனைத் தமிழர்களுக்கு வேறு பெயரில் தெரியும்: சுஜாதா. சில்லு என்றால் என்ன என்று வாரப் பத்திரிகை வாசகருக்கு அவர் எழுதிச் சொன்ன அளவுக்குச் சுவையாக நம் பாடநூல்கள் இன்றுவரை சொல்லவில்லை என்பது என் தனிப்பட்ட ஆதங்கம்.

அந்த இயந்திரத்தில் நீலப் பட்டனை அமுக்கினால் விளக்கு எரியும், நீளமாக ஒரு பீப். அதற்கப்புறம் அமுக்கிக்கொண்டே இருந்தாலும் ஒன்றும் ஆகாது. வாக்குச்சாவடி அலுவலர் தன் பக்கத்துப் பெட்டியில் அடுத்தவருக்காகத் திறந்துவிட்டால்தான் மறுபடி உயிர் வரும். இணையம் இல்லை, பேட்டரியில் ஓடும், ஒரே வேலை. ஏழு என்று காட்டிய பட்டனோடு உட்கார்ந்திருந்த மாணவியிடம் இதைத்தான் சொன்னேன். “ஓட்டு மெஷின்லயும் பட்டன்தானே இருக்கு? அங்க ஒரு அமுக்கு ஏழு ஓட்டாச்சுன்னா?” அவர் முகத்தில் சிரிப்பு போய்விட்டது. அதற்குப் பிறகு யாரும் சொல்லாமலே நோட்டை எடுத்துப் படம் போட ஆரம்பித்தார்: முதல் துள்ளலைப் பார்த்ததும் எண்ணிக்கொள், பிறகு கொஞ்ச நேரத்துக்குக் கண்ணை மூடிக்கொள்.

கொஞ்ச நேரம் என்றால் எவ்வளவு? இப்போதெல்லாம் இதைச் செயற்கை நுண்ணறிவிடம் கேட்டுவிடுகிறார்கள். அது 50 மில்லி வினாடி என்று சொல்லும், நிரலையும் எழுதித் தரும். பெரும்பாலும் வேலையும் செய்யும். தப்பில்லை, நானும் கேட்கிறேன். ஆனால், உங்கள் மேசையில் இருக்கும் பட்டன் எத்தனை மில்லி வினாடி துள்ளுகிறது என்று அதற்குத் தெரியாது. அளந்துதான் பார்க்க வேண்டும். அந்த மாணவி தன் பட்டனை நூறு முறை அமுக்கி அளந்தார். பெரும்பாலும் 3 மில்லி வினாடிக்குள் அடங்கியது. ஓரத்தில் அழுத்தினால் மட்டும் 11 வரை போனது. ஆக, 20 போதும் என்று முடிவு செய்தார். அந்த 20 அவருடைய சொந்த எண்.

பணம் இல்லை என்ற சாக்கு இனி செல்லாது. ராஸ்பெரி பை பிகோ 2021-இல் வந்தபோதே விலை 4 டாலர். சென்னை ரிச்சி தெருவில் யூனோவின் நகல் பலகை சில நூறு ரூபாய்தான். கணினித் திரையிலேயே பலகையை ஓட்டிக் காட்டும் சிமுலேட்டர்கள் இலவசம். ஆரம்பத்துக்கு அவை நல்லவை. அவற்றில் ஒயர் கழலாது என்பதுதான் குறை. இருவருக்கு ஒரு பலகை, வாரத்தில் இரண்டு மணி நேரம், பைதான் வகுப்போடு சேர்த்து. தேர்வு வேண்டாம், தேர்வு வைத்தால் மறுநாளே அதற்கு ஒரு பின் டயக்ராம் முளைத்துவிடும்.

உண்மையான தட்டுப்பாடு ஆசிரியருக்குத்தான். அதுவும் அறிவுத் தட்டுப்பாடு அல்ல, துணிச்சல் தட்டுப்பாடு. ரெக்கார்ட் நோட்டில் எழுதிய விடை வராத சோதனையை மாணவர் முன்னால் செய்ய நம் ஆசிரியர்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ஏழு வந்தால் பலகையை மாற்றச் சொல்லிவிட்டு நகர்வதுதான் வழக்கம். இதன் தொடர்ச்சிதான் கடைசி ஆண்டு ப்ராஜெக்ட். ஊருக்கு ஊர் ப்ராஜெக்ட் சென்டர் இருக்கிறது. பணம் கட்டினால் பலகை, நிரல், பைண்டிங் செய்த அறிக்கை எல்லாம் சேர்த்து ஒரே அட்டைப் பெட்டியில் தருவார்கள். தேர்வு நாளில் ஒரு ஒயர் கழன்றால் மாணவர் போன் செய்வது சென்டருக்கு. அந்த மாணவரைத் திட்டி என்ன பயன்? நாலு வருடத்தில் ஒருநாளாவது ஒரு கழன்ற ஒயரைத் தேட அவருக்கு நாம் வாய்ப்புக் கொடுத்தோமா?

இவ்வளவு பேசியும் வேலைவாய்ப்பு பற்றி ஏன் பேசவில்லை என்று சிலர் கேட்கக்கூடும். வண்டிகளும் அவற்றுக்குள் இருக்கும் கணினிகளும் இந்த மாநிலத்தில் எத்தனை ஊர்களில் உருவாகின்றன என்பது ஊரறிந்தது, சென்னை ஐ.ஐ.டி.யில் ‘சக்தி’ என்ற பெயரில் செயலியையே வடிவமைத்திருக்கிறார்கள். வேலை தானே தேடி வரும். வேலை கிடைக்கும் என்று சொல்லி இந்தப் பாடத்தை விற்றால், வேலைக்குத் தேவையான அளவு மட்டும் படித்துவிட்டு எழுந்துவிடுவார்கள்.

இரண்டு வாரம் கழித்துப் போனபோது காங்கேயம் மாணவி வாசலிலேயே பிடித்துக்கொண்டார். பட்டன் இப்போது ஒன்றுக்கு ஒன்று சரியாக எண்ணுகிறது. பலகையை விடுதி அறைக்கு எடுத்துப்போயிருக்கிறார். கதவருகே பட்டன், கட்டிலருகே பலகை, நடுவில் நீள ஒயர். யார் யார் எத்தனை முறை கதவைத் திறக்கிறார்கள் என்று கணக்கெடுக்க ஏற்பாடு. முதல் நாள் சரியாக இருந்ததாம். இரண்டாம் நாள் மத்தியானம் எல்லாரும் சாப்பாட்டுக்குப் போய்விட்டார்கள், அறையில் இவர் மட்டும்.

“கதவைத் தொடவே இல்லீங்க சார். ஃபேன் சுவிட்சைத்தான் போட்டேன். பன்னெண்டுல இருந்தது பதிமூணு ஆயிருச்சு. அணைச்சேன், பதினாலு.”

“ஒயர் எந்த வழியா போகுது?” என்று கேட்டேன்.

“சுவிட்ச் போர்டு மேலதானுங்க…” என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திவிட்டு, பையிலிருந்து நோட்டை எடுத்தார்.